முதலில் போன்ஜூர், பிறகுதான் பேச்சு: அன்றாடப் பிரெஞ்சில் மரியாதைச் சொற்கள்

கேள்வி: வகுப்பில் ஓரளவு பிரெஞ்சு படித்துவிட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ பிரான்சுக்குக் கிளம்புகிறவருக்கு அன்றாடம் தேவைப்படும் மரியாதைச் சொற்கள் எவை? எதை எங்கே சொல்வது? நாம் எங்கே தவறுகிறோம்?

தவறு எங்கே நேர்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. "ஒரு டீ குடுங்க" என்றால் அந்த "ங்க" போதும். கூட ஒரு "அண்ணே" சேர்ந்தால் இன்னும் நல்லது. டீக்கடையில் "தயவுசெய்து" என்று கேட்டால்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிரெஞ்சில் "நீங்கள்" என்பதற்கு இணையான வூ இருந்தாலும் அது மட்டும் போதாது. வணக்கம், வேண்டுகோள், நன்றி, விடைபெறுதல் என்று நான்கையும் தனித்தனியாக, வாய்விட்டு, அதே வரிசையில் சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பும் மனசில் பணிவும் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிற தமிழர் அங்கே முரட்டு ஆளாகத் தெரிவது இதனால்தான்.

வரிசையில் முதலாவது போன்ஜூர். கடைக்குள் கால் வைத்ததும் அதுதான் முதல் சொல். "இது என்ன விலை", "ஒரு சந்தேகம்" எதுவும் அதற்கு முன்னால் வரக் கூடாது. எக்ஸ்க்யூஸே முவா, அதாவது "மன்னிக்கணும்" என்று ஆரம்பிப்பதும் பணிவுதானே என்று நமக்குத் தோன்றும். போன்ஜூர் இல்லாமல் வரும் எக்ஸ்க்யூஸே முவா அவர்கள் காதில் அரைகுறையாகத்தான் விழும். கடைக்காரர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல், சற்று அழுத்தமாக "போன்ஜூர்" என்று மட்டும் சொன்னால் அதை வரவேற்பு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் விட்டதை எடுத்துக் கொடுக்கிறார். "பார்தோன், போன்ஜூர் மதாம்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து கேளுங்கள், அதோடு சரியாகிவிடும்.

2013 டிசம்பரில் நீஸ் நகரத்தில் லா பெத்தித் சிரா என்ற சிறிய உணவகம் தன் விலைப்பலகையால் செய்திகளில் அடிபட்டது. "ஒரு காபி" என்று மட்டும் கேட்டால் 7 யூரோ. "ஒரு காபி, சில் வூ ப்ளே" (தயவுசெய்து) என்றால் 4.25 யூரோ. "போன்ஜூர், ஒரு காபி, சில் வூ ப்ளே" என்றால் 1.40 யூரோ. விளையாட்டாக வைத்ததுதான் என்றாலும் கணக்கைப் பாருங்கள்: வேண்டுகோள் சொல்லுக்குக் கழிவு 2.75, வணக்கத்துக்கு 2.85. வகுப்புகளில் சில் வூ ப்ளேயை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், போன்ஜூரை முதல் பாடத்தோடு விட்டுவிடுகிறார்கள். எடை போட்டால் போன்ஜூர்தான் கொஞ்சமாவது கனம்.

எங்கெல்லாம் சொல்ல வேண்டும்? ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பேருந்து ஓட்டுநர், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர், குடியிருப்பின் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர், லிஃப்டில் ஏற்கெனவே நிற்பவர்கள். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது யாரும் அறிமுகமில்லை என்றாலும் பொதுவாக ஒரு போன்ஜூர் உண்டு. அங்கே பலரைச் சேர்த்துச் சொல்ல "மெஸ்யே தாம்" என்ற சொல் பழைய ஆட்களிடம் இன்னும் கேட்கும். வெளியேறும்போது ஓ ர்வுவார். மெட்ரோ பெட்டியிலும் நகரத்துத் தெருவிலும் தேவையில்லை, அங்கே முன்பின் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு போன்ஜூர்தான். அதே ஆளிடம் மதியம் மறுபடி சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். மறுபடி பார்க்கும்போது "ரு போன்ஜூர்" என்றோ ஒரு தலையசைப்போ போதும்.

மாலை 5, 6 மணி வாக்கில் போன்ஜூர் போன்சுவாராக மாறும். கண்டிப்பான நேர எல்லை கிடையாது, எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாரோ அதையே திருப்பிச் சொன்னால் பிழை வராது. இதில் அடிக்கடி குழம்புவது வருகைக்கும் விடைக்கும் உரிய சொற்கள். போன்ஜூர், போன்சுவார் இரண்டும் சந்திக்கும்போது. பொன் ஜூர்னே, பொன் சுவாரே இரண்டும் பிரியும்போது. கடையில் நுழைந்து "பொன் ஜூர்னே" என்றால் வந்ததும் வராததுமாக விடைபெறுகிறீர்கள் என்று ஆகும். பொன் நுயி படுக்கப் போகிறவருக்கு மட்டும். இரவு விருந்து முடிந்து 11 மணிக்குக் கிளம்பினாலும் பொன் சுவாரேதான் சரி. "பொன் ஜூர்னே" என்று அவர் முந்திக்கொண்டால் "மெர்சி, வூ ஸோஸி" (நன்றி, உங்களுக்கும்) என்று பதில். ஒன்றை மட்டும் தவிருங்கள்: "போன் வான்". அகராதியில் நல்ல காற்று வீசட்டும் என்ற வாழ்த்தாக இருக்கும். இன்றைய பேச்சில் பெரும்பாலும் "தொலைந்தது சனியன்" என்ற தொனி.

மதாம், முசியே என்ற விளிச்சொற்கள் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் ஊர் "மேடம்" பதவிக்கும் படிப்புக்கும் கொடுப்பது. பிரான்சில் மதாம் எல்லாப் பெண்களுக்கும் உரியது, படிக்கட்டு துடைப்பவரும் மதாம்தான், மாவட்ட ஆட்சியரும் மதாம்தான். பின்னால் பெயரைச் சேர்க்காமல் "போன்ஜூர் மதாம்" என்று நிறுத்துவதே வழக்கம். மணமாகாத பெண்ணுக்கான மத்முவாஸெல் என்ற சொல்லை 2012 பிப்ரவரி 21 தேதியிட்ட பிரதமரின் சுற்றறிக்கை அரசுப் படிவங்களிலிருந்து நீக்கிவிட்டது. இளம்பெண்ணாக இருந்தாலும் மதாம் என்றே அழையுங்கள். மருத்துவரை தொக்தர் என்றும் வழக்கறிஞரை மெத்ர் என்றும் விளிப்பார்கள். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா போன்ற உறவுச் சொற்களுக்கு அந்நியரிடம் இடமே இல்லை. வயதானவரை அன்போடு பாட்டி என்று அழைத்தால் அது அவமதிப்பாகிவிடும்.

இனி வேண்டுகோள். ஜு வெ ("எனக்கு வேணும்") என்பது குழந்தை அடம்பிடிக்கும் சொல். பெரியவர்கள் ஜு வூத்ரே என்பார்கள். இலக்கணத்தில் இது கொந்திசியோனெல், அதாவது "இருந்தால் நல்லது" என்கிற நிபந்தனை வடிவம். எந்த வினையையும் இந்த வடிவத்துக்கு மாற்றினால் ஒரு படி மென்மையாகும்: "முடியுமா" என்பதற்கு பூவே வூ, அதன் மென்மையான வடிவம் பூரியே வூ. ஒரு பேனா இரவல் கேட்க "வூ நோரியே பா ஸன் ஸ்திலோ?" என்பார்கள். "உங்ககிட்ட பேனா இருக்காதே?" என்று எதிர்மறையாகக் கேட்பதால் இல்லை என்று சொல்ல எதிராளிக்கு எளிதாகிறது. தெருவில் வழி கேட்கவும் அலுவலகத்தில் ஒருவர் வேலையில் குறுக்கிடவும் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: "போன்ஜூர் மதாம், எக்ஸ்க்யூஸே முவா து வூ தெரான்ஜே" (தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும்). இதைச் சொல்லிவிட்டுக் கேட்ட கேள்விக்கு, இலக்கணம் தடுமாறினாலும், பொறுமையாகப் பதில் கிடைக்கும்.

ரொட்டிக்கடை உரையாடல் கிட்டத்தட்ட எப்போதும் இப்படித்தான் போகும். "போன்ஜூர் மதாம்." "போன்ஜூர்." "ஜு வூத்ரே உயின் பாகெத், சில் வூ ப்ளே." "எ அவெக் ஸுஸி?" (இதோடு வேறென்ன?) "ஸு ஸரா தூ, மெர்சி." (அவ்வளவுதான்.) காசு கொடுத்ததும் "மெர்சி, பொன் ஜூர்னே, ஓ ர்வுவார்." தினமும் வாங்கும் இடத்தில் ஜு வூத்ரேகூட வேண்டாம், "உயின் பாகெத், சில் வூ ப்ளே" போதும். முன்னால் போன்ஜூரும் பின்னால் சில் வூ ப்ளேயும் இருந்தால் நடுவில் வினையே இல்லாவிட்டாலும் குறையில்லை. உணவகத்தில் பரிமாறுகிறவரை விரல் சொடுக்கியோ, "கார்சோன்" என்றோ கூப்பிடாதீர்கள். அது "பையா" என்பது போல. கண்ணைப் பார்த்து, கையை லேசாக உயர்த்தி "முசியே, சில் வூ ப்ளே" என்றால் வருவார்.

தமிழ் எழுத்தில் இவற்றை எழுதுவதால் சில ஒலிகள் தப்பிப் போகின்றன, அதைச் சொல்லிவிட வேண்டும். போன்ஜூரில் உள்ள "ஜ" நம் ஜ அல்ல. ஷ சொல்லிக்கொண்டே தொண்டையில் குரல் சேர்த்தால் வருவது. "போன்" என்பதில் நாக்கு மேலே ஒட்டக் கூடாது, மூக்கில் ஒலித்து நிற்க வேண்டும். ஆனால் "பொன் ஜூர்னே"யில் ன் முழுதாக ஒலிக்கும். த்யூ ("நீ") என்று நான் எழுதுவது, இ சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே வைத்து உதட்டை மட்டும் உ போலக் குவித்தால் வரும் ஒலி. மிகவும் கவனிக்க வேண்டியது மெர்சி போக்கூ. நாம் சொல்லின் கடைசி உகரத்தைக் குற்றியலுகரமாக, உதடு குவியாமல் விட்டுவிடுவோம். இங்கே கூ என்று உதட்டை நன்றாகக் குவித்து முடியுங்கள். அதையே த்யூவில் வருகிற ஒலியோடு முடித்தால் "அழகான பின்புறம்" என்று பொருள் மாறிவிடும். நன்றி சொல்லப் போய் அப்படி முடியக் கூடாது.

மெர்சியில் இன்னொரு பொறி. "இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது வெறுமனே மெர்சி என்றால், பெரும்பாலும் "வேண்டாம், நன்றி" என்றே எடுத்துக்கொண்டு தட்டை நகர்த்திவிடுவார்கள். வேண்டுமென்றால் "உயி, வொலோன்தியே" (ஆமாம், மகிழ்ச்சியாக) அல்லது "ஜு வெ பியன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். (ஜு வெயோடு பியன் சேர்ந்ததும் அடம் போய் இணக்கமாகிவிடுகிறது.) வேண்டாமென்றால் "நோன் மெர்சி". நம் ஊரில் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பது பண்பு. அங்கே முதல் மறுப்பையே மதித்து விட்டுவிடுவார்கள், பட்டினி கிடக்க வேண்டியதுதான். பக்கவாட்டில் தலையாட்டுவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது இல்லை என்றே படும். வயிறு நிறைந்ததைச் சொல்ல "ஜு ஸ்வி ப்ளென்" என்று சொல்பவர்கள் உண்டு. அது குடிபோதையையோ, விலங்கு சினையாக இருப்பதையோ குறிக்கும். "ஸெத்தே த்ரே போன், மெர்சி" (மிகவும் நன்றாக இருந்தது) என்பதே மறுப்புக்கும் பாராட்டுக்கும் சேர்த்துப் போதுமானது.

இல்லை என்றால்தான் அனுமதி என்று பொருள்படும் கேள்விகளிலும் நாம் மாட்டிக்கொள்வோம். ரயிலில் ஒருவர் "ஸா வூ தெரான்ஜ்?" (உங்களுக்கு இடைஞ்சலா?) என்று ஜன்னலைக் காட்டிக் கேட்கிறார். திறக்கட்டும் என்ற எண்ணத்தில் "உயி" என்றால், இடைஞ்சல்தான் என்று சொல்லிவிட்டீர்கள். அனுமதி தர "நோன், நோன், அலே ஸி" என்று சொல்ல வேண்டும்.

நன்றிக்குப் பதில் து ரியன் என்று வகுப்பில் கற்றிருப்பீர்கள். தவறில்லை, சம வயதினரிடம் சரி. கடையிலும் அலுவலகத்திலும் ஜு வூ ஸான் ப்ரி ஒரு படி மேல். இந்தச் சொற்றொடரைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பேன், அவ்வளவு வேலை செய்யும். நன்றிக்குப் பதில் அது. கதவருகே இருவர் ஒரே நேரத்தில் வந்தால் "நீங்க முதல்ல" என்பதும் அது. உட்காரச் சொல்வதற்கும், "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதற்கும் அதுவே. தூலூஸ் பக்கம் போனால் நன்றிக்குப் பதிலாக "அவெக் ப்ளெஸீர்" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். இளைஞர்கள் எங்கும் சொல்லும் "பா து ஸூஸி" பிரெஞ்சு அகாதெமிக்குப் பிடிக்காத ஒன்று. பேச்சில் கவலையில்லை, எழுத்தில் வேண்டாம்.

நன்றி சொல்லும் அளவும் வேறு. நம் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். பிரெஞ்சு வீட்டில் உப்பு ஜாடியை நகர்த்தினாலும் மெர்சி உண்டு. குழந்தை அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் "மந்திரச் சொல் என்ன?" என்று பெற்றோர் காத்திருந்து வாங்குவார்கள்.

மன்னிப்புக்கு மூன்று படிகள். கூட்டத்தில் இடித்துவிட்டால் அல்லது வழி விடச் சொன்னால் பார்தோன். கவனத்தைத் திருப்ப எக்ஸ்க்யூஸே முவா. உண்மையிலேயே தவறு செய்திருந்தால், உதாரணமாகத் தாமதமாக வந்தால், ஜு ஸ்வி தெஸோலே. (எழுதும்போது பெண்ணானால் கடைசியில் ஓர் எழுத்து கூடும், ஒலி மாறாது.) ஜு மெக்ஸ்க்யூஸ் என்று பலர் சொல்வார்கள், "என்னை நானே மன்னித்துக்கொண்டேன்" என்று குறை கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். காதில் விழவில்லை என்றால் க்வா என்று கேட்காதீர்கள், அது நம் "என்னா?" மாதிரி. பார்தோன் என்பதையே கேள்வித் தொனியில் சொல்லுங்கள். புரியாதபோது "பூரியே வூ ரெப்பெத்தே ப்ளூ லான்த்மான், சில் வூ ப்ளே?" (இன்னும் மெதுவாகச் சொல்ல முடியுமா?) என்று கேட்பது ப்ரெஃபெக்த்யூரில், குடியிருப்பு அனுமதி தரும் அலுவலகத்தில், மிகவும் உதவும். புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு வேறு காகிதத்தோடு திரும்பி வருவதால் இன்னொரு சந்திப்பு நேரத்துக்கு அலைய நேரிடும்.

த்யூ, வூ இரண்டையும் நாம் நீ, நீங்கள் என்று சட்டென்று புரிந்துகொள்வோம். அந்தப் புரிதலிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. தமிழில் மூத்தவர் நீ என்பார், இளையவர் நீங்கள் என்பார். பிரெஞ்சில் வளர்ந்த இருவருக்கிடையே பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே சொல்தான். உங்களைவிட 20 வயது இளைய உணவகப் பணியாளரானாலும் வூ. அவரை த்யூ என்றால் ஏவுகிறீர்கள் என்று பொருள். மறுபக்கம், பிள்ளைகள் அப்பா அம்மாவை த்யூ என்கிறார்கள், அதில் அவமதிப்பு இல்லை. கடவுளையும் த்யூ என்றே வேண்டுகிறார்கள், நாம் நீ என்பதைப் போலவே. மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளிலிருந்தே த்யூ. அலுவலகத்தில் வூவில் தொடங்கிக் காத்திருங்கள். மூத்தவரோ மேலதிகாரியோ "ஓன் பெ ஸு த்யூத்வாயே" (த்யூ என்றே பேசலாமே) என்று சொன்ன பிறகு மாறுங்கள். மாறிய பின் மரியாதைக்காக மறுபடி வூவுக்குத் திரும்பினால், மனஸ்தாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். த்யூவுக்கு மாறினால் சில் வூ ப்ளேயும் சில் து ப்ளே ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

விருந்துக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போவதே மரியாதை, அதற்கு "கார் தெர் து பொலிதெஸ்" என்று பெயரே உண்டு. பூ வாங்கினால் செவ்வந்தி வேண்டாம். நாம் சாமிக்குச் சாத்தும் அந்தப் பூவை அவர்கள் நவம்பர் 1 அன்று கல்லறையில் வைக்கிறார்கள். நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு "இல் நு ஃபலே பா!" (எதுக்கு இதெல்லாம்) என்றால் கோபமில்லை, அதுதான் நன்றி. கோப்பையை உயர்த்தி ஸாந்தே சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும், தண்ணீர் வைத்துக்கொண்டு சொல்வதிலும் தவறில்லை. மறுநாள் ஒரு வரி நன்றிச் செய்தி அனுப்புங்கள்.

எழுத்தில் இன்னும் கண்டிப்பு. தெரியாத அலுவலகத்துக்கு மின்னஞ்சல் என்றால் "மதாம், முசியே," என்று தொடங்கி, விஷயம் முடிந்ததும் "ஜு வூ ப்ரி தக்ரெயே, மதாம், முசியே, மே ஸல்யூத்தாஸியோன் திஸ்தேங்கே" என்று முடிப்பது வேலை விண்ணப்பம், வாடகை, வங்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொடக்கத்தில் எந்த விளி வைத்தீர்களோ அதே விளிதான் முடிவிலும் வர வேண்டும், மேலே மதாம் மட்டும் என்றால் கீழேயும் மதாம் மட்டும். ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து உள்ளவர்களிடம் "போன்ஜூர் மதாம்," என்று தொடங்கி "கோர்தியால்மான்" என்று முடிக்கலாம். "உங்கள் பதிலை எதிர்நோக்கி" என்ற தான் லத்தான்த் து வோத்ர் ரெபோன்ஸ் என்ற தொடருக்குப் பின்னால் வெயே என்ற ஏவல் வரக் கூடாது, எதிர்நோக்குவது நீங்கள் என்பதால் ஜு வூ ப்ரி என்றே தொடர வேண்டும். வேலை விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் பிழை இது. "மெர்சி து" என்று தொடங்கி ஒரு வினை வந்தால் அது நன்றியல்ல, கட்டளை. "மெர்சி து பாஸியான்தே" என்ற பலகை காத்திருக்கச் சொல்கிறது. மேலதிகாரிக்கு நீங்கள் அப்படி எழுதக் கூடாது, "பூரியே வூ" என்று கேளுங்கள்.

பிரான்சைத் தாண்டினால் சில சொற்கள் இடம் மாறும். பெல்ஜியத்தில் பொருளை நீட்டும்போதே சில் வூ ப்ளே என்பார்கள், பிரான்சில் அங்கே வ்வாலா அல்லது துனே. பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்தில் நன்றிக்குப் பதில் ஸெர்வீஸ். கியூபெக்கில் அதே இடத்தில் பியன்வெனியூ, அங்கே த்யூவுக்கும் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.